வளவு மரமும் அரச ஆணையும்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அவற்றிலே திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரை அறிந்திருப்பர். இத்தனை பரப்புக் காணியென அளவு கூறி, நான்கு எல்லைகளிலும் எவரெவர் காணியுண்டு என்று சொல்லி முடித்தபின், வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் என எழுதி, இவற்றின் முழுவதும் என்று நொத்தாரிசு முத்தாய்ப்பு வைப்பார். செய்பயிர் என்பது மனிதன் கைவைத்து நட்டது. வான்பயிர் என்பது தானாக முளைத்து வான்மழையை உண்டு வளர்ந்தது. பனையும் வேம்பும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. உறுதியை வாங்கியவன் இரண்டுக்கும் உரித்தாளியாகிறான். அவ்வாறுதான் அவன் எண்ணுகிறான்.

ஆனால் அவன் மறுநாட் காலையிலே கோடரியும் ஆளுமாக வளவுக்குட் சென்று அங்கு நிற்கும் பெண்பனையொன்றைத் தறிப்பானாயின் அவன் குற்றவாளியாவான். 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றும் உத்தரவுப் பத்திரமின்றித் தறிக்கப்படலாகா. மரம் நிற்பது அரசாங்கக் காட்டிலா, சொந்த வளவிலா என்ற பேதம் இங்கில்லை. அடுக்களைக்குப் பின்னால் நிற்கும் பலாவுக்கும் இது பொருந்தும்.

"என் காணி, என் மரம், இடையிலே அரசாங்கம் யார்?" என்று முணுமுணுப்போரை எல்லா ஊர்களிலும் காணலாம். நம்போன்றோரிடம் இதற்கு ஆயத்தமான விடையொன்றுண்டு. தனியுடைமை புனிதமானதன்று, சமுதாயத்தின் நலனுக்கு முன்னே தனிமனிதனின் உரித்து ஒதுங்கவேண்டும் என்று கூறிவிட்டு நாம் அமைதியடைகிறோம். அவ்விடை பிழையன்று, எனினும் அரைகுறையானது. வளவு மரத்தின்மீது அரசு கைவைத்தது 1951 இல் முதன்முறையாக நிகழ்ந்ததன்று. அதற்கு முந்நூறு ஆண்டு வரலாறுண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதியிலே மரம் காக்கப்பட்டது மக்களுக்காக அன்று, மக்களிடமிருந்தே. அந்த முறையின் வடு இன்றைய உத்தரவுப் பத்திரத்திலும் இருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கறுவாவிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி இத்தீவை நாடி வந்ததன் தலையாய காரணம் கறுவாப்பட்டையே. அக்காலத்திலே கறுவா தோட்டப்பயிராக இருக்கவில்லை. தென்மேற்குக் கரையோரக் காடுகளிலும் பற்றைகளிலும் குடியானவரின் வளவுகளிலும், பறவைகள் பரப்பிய விதையிலிருந்து அது தானாகவே முளைத்து வளர்ந்தது. யாழ்ப்பாணத்து நொத்தாரிசின் மொழியிற் கூறுவதானால், அது முற்றிலும் வான்பயிர். ஆயினும் எவன் வளவில் அது முளைத்ததோ அவனுக்கு அதிலே எவ்வித பாத்தியதையும் இல்லை. கறுவாவைக் கள்ளமாக உரிப்பதும், விற்பதும், தீவுக்கு வெளியே கடத்துவதும், மரத்தைச் சேதப்படுத்துவதும் உயிர்த்தண்டனைக்குரிய குற்றங்களெனக் கும்பனியின் கட்டளைகள் விதித்திருந்தன.

குடியானவனின் நிலையிலிருந்து இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவன் கேளாமலே ஒரு செடி அவனுடைய வளவிலே முளைக்கிறது. அதனைப் பிடுங்கினால் குற்றம். அதன் பட்டையை உரித்து விற்றால் உயிருக்கே ஆபத்து. வளரவிட்டாலோ கும்பனியின் ஆட்கள் உரிக்க வரும்போது வழிவிட்டு நிற்கவேண்டும். பக்கத்து வளவிற் கறுவா முளைத்தாலும் தன் வளவில் முளைக்கலாகாது என்று அவன் தெய்வத்தை வேண்டியிருந்தால் அதிலே வியப்பில்லை.

கும்பனியிடம் தோம்பு என்ற பேரேடு இருந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் பெற்றுக்கொண்ட பெயரும் முறையுமே அது. நிலத்தின் அளவையும் உரித்தாளியின் பெயரையும் மட்டுமன்றி, தோட்டத்திலே நிற்கும் தென்னை எத்தனை, பலா எத்தனை, கமுகு எத்தனை என்பதையும் அவர்கள் கணக்கெடுத்தனர். ஒரு குடும்பத்தின் மரங்களை எண்ணிவிட்டால் அக்குடும்பத்தின் வரியையும் ஊழியத்தையும் எண்ணிவிடலாம். இலங்கையின் வளவு மரம் அரச ஏட்டிலே விரிவாகப் பெயர் பதிந்துகொண்டது இவ்வாறுதான். இன்றைய வரலாற்று மாணவருக்குத் தோம்புகள் கிடைத்தற்கரிய செல்வம். அன்றைய குடியானவருக்கோ தோம்பு எழுத வந்தவனின் நிழலே கிலியூட்டியிருக்கும்.

கறுவா உரிக்கும் வேலை சலாகம சாதியினர்மீது பரம்பரை ஊழியமாகச் சுமத்தப்பட்டிருந்தது. சிறுவயதிலேயே ஒருவனுடைய பெயர் பதியப்பட்டு, வயது ஏற ஏற அவன் கொடுக்கவேண்டிய பட்டையின் நிறையும் ஏறிற்று. அவர்களை மேற்பார்வை செய்யக் கறுவாக் கப்டன் என்ற ஒல்லாந்த உத்தியோகத்தன் இருந்தான். காட்டிலே மாதக்கணக்காக அலைந்து, யானைக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அளவு குறைந்தால் அடியும் வாங்கிய அம்மக்கள் கண்டி இராச்சியத்துக்கு ஓடிப்போனதும் உண்டு. தம் பிள்ளைகளை வேறு சாதியினராகப் பதிவித்துத் தப்ப முயன்றோரும் இருந்தனர். ஒரு மரத்தை அரசுடைமையாக்கினால் அம்மரத்தோடு சேர்ந்த மனிதனும் அரசுடைமையாகிவிடுகிறான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எமது வரலாற்றிலே அரிது.

நிலத்தைப் பற்றிய கும்பனியின் நடவடிக்கைகளும் இதனையொட்டியே அமைந்தன. கறுவா வளரும் இடத்திலே சேனை வெட்டலாகாது, உத்தரவின்றித் தென்னந்தோட்டம் வைக்கலாகாது என்ற கெடுபிடிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே முற்றின. 1760 இல் கரையோரப் பகுதிகளிலே குடியானவர் கிளர்ந்தெழுந்ததற்கும், கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அவர்கள் பக்கம் சேர்ந்ததற்கும், 1766 வரை நீடித்த போருக்கும் இந்நிலக்குறை முக்கியமான காரணமாக இருந்தது. அதே காலத்திலேதான் விலை சரிந்துவிடாதிருக்க ஆம்ஸ்ரர்டாம் நகரிலே கும்பனியார் வாசனைப் பண்டங்களைக் குவித்து எரித்தனர். இங்கே ஒரு கிளை முறிந்தால் உயிர்க்குற்றம். அங்கே களஞ்சியமாக எரித்தால் வியாபாரம்.

1769 இல் தேசாதிபதி பல்க் கொழும்பு மருதானையிலே கறுவாவைத் தோட்டப்பயிராக நடத் தொடங்கினார். அதன்பின் காட்டையும் வளவையும் நம்பியிருக்கவேண்டிய தேவை சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆயினும் தனியுரிமை உடனே ஒழியவில்லை. 1796 இல் ஒல்லாந்தரின் இடத்துக்கு வந்த ஆங்கிலேயர் அதனைக் கைவிட்டது 1833 இலேயே. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசின் பேரிலே, மக்கள்மேற் கொண்ட இரக்கத்தினாலன்று, தனியார் முதலுக்குக் கதவு திறப்பதற்காகவே அது கைவிடப்பட்டது. கறுவாத்தோட்டம் என்ற பெயர் இன்றும் கொழும்பிலே நிலைத்திருக்கிறது. செல்வந்தரின் மாளிகைகள் நிறைந்த அந்தப் பகுதியின் பெயரைச் சொல்லும்போது, அச்செடியின் ஒரு சுள்ளிக்காகக் கழுத்தைப் பணயம் வைத்தவர்களை எவரும் நினைப்பதில்லை.

இந்த நோய் ஒல்லாந்தருக்கு மட்டும் உரியதன்று. கடலுக்கு அப்பால் மலையாளக் கரையிலே ஆங்கிலக் கும்பனி 1806 இல் வாட்சன் என்ற பொலிஸ் அதிகாரியைக் காடுகளின் காப்பாளனாக நியமித்தது. நெப்போலியனுடனான போருக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. தனியார் நிலத்துத் தேக்கும் கும்பனியின் தேக்கென்று ஆகியது. நிலவுடைமையாளரும் குடியானவரும் ஒருங்கே எதிர்த்தமையால், தோமஸ் மன்றோ 1823 இல் அம்முறையை ஒழித்தார். மைசூரிலே சந்தனம் அரசமரம் என்ற பெயருடன் மிக நீண்டகாலம் வாழ்ந்தது. தன் தோட்டத்துச் சந்தனம் தன்னுடையதே என்று சொல்லக் கர்நாடகத்துக் கமக்காரன் 2001 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. சந்தனக் கன்று முளைத்தாற் கிள்ளியெறிந்துவிடுவது அங்கே வழக்கமாயிற்று என்பர். காப்பதற்கென்று பிறந்த சட்டமே மரத்தைக் கருவிலே கொன்றது.

இலங்கையிலே ஆங்கிலேயர் தனி மரங்களைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அவர்களுடைய பார்வை நிலம் முழுவதன்மீதும் விழுந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் அனைத்தும் முடிக்குரியவையெனக் கொண்டது; கோப்பித் துரைமாருக்கு அவை விற்கப்பட்டன. 1885 இலும் 1907 இலும் வந்த காட்டுச் சட்டங்கள் மரம் ஏற்றிச் செல்வதற்கும் பத்திரம் வேண்டுமென்ற முறையை உறுதிப்படுத்தின. கண்டிச் சீமையிலே மலைமலையாகக் காடழித்தவர்களே விறகு சுமந்த குடியானவனிடம் பத்திரம் கேட்டனர் என்பதை மட்டும் குறித்துவிட்டு மேலே செல்வோம்.

இனி 1951 க்கு வருவோம்.

அவ்வாண்டின் சட்டத்தை முந்தியவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அமிசம் ஒன்றுண்டு. அது காக்க முனைந்த மூன்று மரங்களும் ஏற்றுமதிப் பொருள்கள் அல்ல. தேயிலைக்கும் இறப்பருக்கும் உள்ள மதிப்பு அவற்றுக்கு லண்டன் சந்தையிலே இருக்கவில்லை. அவை வயிற்று மரங்கள். சிங்களக் குடியானவன் பலாவைப் பத்கஸ, அதாவது சோற்றுமரம் என்று அழைப்பான். பிஞ்சிலே கறி, முற்றினால் அவித்த உணவு, பழுத்தால் பழம், கொட்டை வேறு. அரிசி இல்லாத நாளிலே ஒரு மரம் ஒரு குடும்பத்தைத் தாங்கும். பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் டயஸ் என்பார், 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ் சிறையிடப்பட்டு மீண்டபின், நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரைக் கொஸ் மாமா, அதாவது பலா மாமா, என்றே அழைத்தனர். தேசிய இயக்கத்திலே மேடைப்பேச்சுக்குக் குறைவில்லாத காலத்தில், நாட்டின் பசியை மரத்தோடு இணைத்துக் கண்ட ஒருவர் அவர்.

அதன் பொருள் 1942 இலே எல்லாருக்கும் விளங்கிற்று. பர்மா யப்பானியர் கையிலே வீழ்ந்ததும் அரிசிக் கப்பல்கள் நின்றன. பங்கீட்டு அரிசி போதாத வீடுகளிலே பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும், வடக்கிலே ஒடியலும் கஞ்சியை நிரப்பின. போர் முடிந்தும் அச்சம் நீங்கவில்லை. கொரியப் போர் மூண்டபின் உலகச் சந்தையிலே அரிசி விலை ஏறிற்று. மரந்தறித்தற் சட்டம் பிறந்தது இவ்வேளையிலேதான். அதற்கு மறு ஆண்டு சீனத்துடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை. அதற்கு அடுத்த ஆண்டு கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், 1953 ஆகஸ்ட் 12 ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் எழுந்ததும், துப்பாக்கி வெடித்ததும், பிரதமர் பதவி துறந்ததும் நம்முள் மூத்தோர் சொல்லக் கேட்டவை.

இந்த வரிசையிலே வைத்து நோக்கும்போது சட்டத்தின் இரு முகங்களும் தெரிகின்றன. ஒருபுறம், வியாபாரியின் பெட்டிக்காக அன்றி உண்பவனின் வயிற்றுக்காக இந்நாட்டிலே மரம் காக்கப்பட்டது. கறுவாக் கட்டளைக்கும் இதற்கும் இடையிலே மக்கள் வாக்குரிமை பெற்ற இருபது ஆண்டுகள் இருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது. மறுபுறம், அப்போது ஆண்டது நிலவுடைமையாளரின் அரசாங்கம். தனியுடைமையைத் தெய்வமாகக் கருதிய அவ்வரசாங்கம் ஏன் தனி வளவுக்குள் நுழைந்தது? அது மிகவும் மலிவான வழி. அரிசி மானியத்துக்குத் திறைசேரி கோடிக்கணக்கிற் கொடுக்கவேண்டும். பலாவைத் தறியாதே என்று சொல்ல ஒரு தாளும் மையும் போதும். நாட்டைப் பசியிலிருந்து காக்கும் பொறுப்பின் ஒரு பகுதி ஓசையின்றிக் கோடிப்புறத்து மரத்தின்மேல் இறக்கிவைக்கப்பட்டது.

வளவு உடையவனை நோக்கியே இச்சட்டம் பேசுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். அதே காலத்து மலையகத்திலே, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் லயன் காம்பராக்களிலே வாழ்ந்தனர். அவர்களுடைய வாசலிலே நின்ற பலாவும் தோட்டத்துக்கே சொந்தம். அதனைத் தறிப்பதா விடுவதா என்று முடிவு செய்பவர் துரை. காய் பறித்தாலும் கங்காணி கேட்பான். சட்டம் அம்மரத்தையும் காத்திருக்கலாம். அதன்கீழ்ப் பிறந்து வளர்ந்து மடிந்தவன் அச்சட்டத்தின் கண்ணிலே படவில்லை.

பனையின் கதை இன்னும் சிக்கலானது. யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இன்னும் நெருக்கமானது.

பனையிலே ஆண் வேறு, பெண் வேறு. ஆண்பனை பாளை விடும், காய்க்காது. பெண்பனையே நுங்கும் பழமும் தரும். பழத்திலிருந்து பனாட்டும், கொட்டையிலிருந்து கிழங்கும் ஒடியலும் புழுக்கொடியலும் கிடைக்கும். கள்ளும் கருப்பநீரும் இரண்டிலும் சீவலாம். ஓலை இரண்டுக்கும் உண்டு. வேலி, கூரை, பாய், கடகம், தோட்டத்துக்குப் பசளை எனப் பயன்படும். ஆனால் வீட்டுக்கு வளையும் சிலாகையும் தேடுகிற தச்சனின் கண் பெரும்பாலும் பெண்பனையையே நாடும். நன்கு வைரமேறுவது அதுவே என்பது ஊரிலே நெடுங்காலக் கருத்து. ஆகவே அதிகமாக உண்ணத் தருகிற மரமே அதிகமாகத் தறிபடும் மரமாகவும் இருந்தது. பலாவுக்கும் இதே விதிதான். பசித்தவனுக்கும் தளபாடக்காரனுக்கும் ஒரே மரத்திலே கண். இவற்றைச் சட்டம் குறித்துக் காத்ததிலே நியாயம் உண்டு.

ஆயினும் யாருடைய வாழ்வைச் சட்டம் கணக்கிற் கொண்டது என்று கேட்டால் விடை அவ்வளவு தெளிவாக இல்லை. பனை யாழ்ப்பாணத்திலே ஒரு மரம் மட்டுமன்று. அது ஒரு சமுதாய உறவு. நிலம் ஒருவனுடையது, மரமும் அவனுடையது, ஏறுகிறவன் வேறொருவன். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த தேசவழமையிலே, நிலத்துக்கு உரியவனும் மரம் நட்டவனும் பயனை எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு விதிகள் உண்டு. மரத்தின் பயன் நிலத்திலிருந்து பிரித்து எண்ணத்தக்கது என்ற நுட்பமான அறிவு அதிலே இருக்கிறது. அதே ஏட்டிலேதான் அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சீவல் தொழிலாளரின் குடிசை தொடர்ந்தும் நிலவுடைமையாளனின் காணியிலேயே நின்றது. அவன் ஏறிய மரம் தலைமுறை தலைமுறையாக அவனுடைய தளநாரையும் காலையும் அறிந்திருந்தது. உறுதியிலே அவன் பெயர் இல்லை. தறிப்பதற்கு உத்தரவு கேட்பவர் உரித்தாளி. உத்தரவு கொடுப்பவர் அரசாங்க அதிபர். மரம் விழுந்தால் நாளைக்கு எங்கே ஏறுவது என்று அவனை எவரும் கேட்டதில்லை.

சட்டம் பெண்பனையைக் காத்தது, ஆண்பனையை விட்டுவிட்டது. பழத்தை உணவென்று கண்ட கண் பாளையைப் பிழைப்பென்று காணவில்லை. ஒடியற்கூழ் குடித்தவர்களை நினைத்த சட்டம், கள்ளுச் சீவி ஒடியல் வாங்கியவர்களை நினைக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. 1960 களிலே தீண்டாமைக்கெதிரான போராட்டம் கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் நடந்தபோது, போராடியவர்களுக்கு எதிராக எடுக்கப்பட்ட முதல் ஆயுதங்களுள் ஒன்று, காணியை விட்டு எழும்பு, மரத்தில் ஏறாதே என்பதாகும். மரம் காக்கும் சட்டம் அவ்வேளையிலே அச்சடித்தபடி அலுமாரியில் இருந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை.

உத்தரவுப் பத்திரம் நடைமுறையிலே எவ்வாறு இயங்கிற்று என்பதையும் சொல்லவேண்டும். முன்பு விதானையாரிடம் தொடங்கிக் கச்சேரி வரை செல்லும் வழி அது. 1963 இல் கிராமத் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். 1992 இன் பின் அதிகாரம் பிரதேச செயலாளரிடம் வந்தது. வழி குறுகியதே தவிர அதன் அமைப்பு மாறவில்லை. மரம் பட்டுவிட்டது, வீட்டின்மேற் சாய்கிறது, கட்டடத்துக்கு இடையூறு என்று ஒரு காரணம் எழுதவேண்டும். அலுவலர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும். காரணம் எழுதத் தெரிந்தவனுக்கு இது ஒரு நாள் வேலை. எழுதத் தெரியாதவனுக்கு மூன்று மாதம்.

எனது சிறுவயதிலே கண்ட ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவிலே ஒரு கைம்பெண் இருந்தார். நாங்கள் அவரை ஆச்சி என்போம். மகளின் கலியாணத்துக்குத் தீராந்தி மரமாக இரண்டு பெண்பனையை விற்க அவர் எண்ணினார். கச்சேரிக்கு மூன்று முறை நடந்தார். பின்பு மரக்காலைக்காரன் ஒருவன் வந்து, "பத்திரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், ஆச்சி" என்று சொல்லி, பாதி விலைக்கு மரத்தைப் பேசினான். பத்திரம் ஒரு கிழமையில் வந்தது. இரண்டுக்குத்தான் பத்திரம், விழுந்தவை ஐந்து. அதை எண்ணுவதற்கு ஒருவரும் வரவில்லை. சட்டம் இல்லாதிருந்தால் ஆச்சிக்கு முழுவிலை கிடைத்திருக்கும் என்று எனது தாயார் சொல்வார். சட்டம் இல்லாதிருந்தால் அந்த ஒழுங்கையிலே ஒரு பனையும் மிஞ்சியிராது என்பார் தகப்பனார். இருவரும் கூறியது உண்மையென்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

1978 இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பனையை வெறும் காக்கப்படவேண்டிய பொருளாக அன்றி, உழைப்போடும் உற்பத்தியோடும் சேர்த்து நோக்கும் முயற்சி அதிலே இருந்தது. ஆனால் அது வேரூன்றுமுன்னே போர் வந்தது. 1980 களிலிருந்து 2009 வரை வடக்கிலும் கிழக்கிலும் பனைக்கு நேர்ந்ததை எந்த உத்தரவுப் பத்திரமும் பதியவில்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றியைவிட உகந்தது வேறில்லை; குண்டுச் சிதறலைத் தாங்கும். போரிட்ட தரப்பார் எவராயினும் தறித்தனர். செல் விழுந்து தலையிழந்த பனைகள் கரிய தூண்களாக ஆண்டுக்கணக்கில் நின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களும் தம் பதுங்குகுழிக்குத் தம் வளவுப் பனையையே தறித்தன. பிள்ளையின் உயிரா, பெண்பனையா என்ற கேள்விக்குக் கச்சேரிக்கு எழுதி விடை பெற அவகாசமில்லை. உயர்பாதுகாப்பு வலயங்களிலே சிக்கிய காணிகள் திரும்பக் கிடைத்தபோது, உரித்தாளிகள் பழைய உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லையைத் தேடினர். வான்பயிர் செய்பயிர் என்று எழுதியிருந்த இடத்திலே பற்றையும் மண்மேடும் இருந்தன.

1951 ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஆண்டுகள் முழுவதிலும் நடைமுறையிலிருந்த சட்டமே. அது இரத்துச் செய்யப்படவில்லை. ஒரு பனையைக் களவாகத் தறித்தவனைப் பிடிக்கும் வலிமை அதற்கு இருந்தது. ஒரு தோப்பையே அழிப்பவனை நோக்கி விரல் நீட்டும் வலிமை இருக்கவில்லை. கறுவாக் காலத்திலும் அவ்வாறே அன்றோ? கள்ளமாக ஒரு மரத்தின் பட்டையை உரித்தவன் அகப்பட்டான். ஆம்ஸ்ரர்டாமில் எரித்தவர்கள் அகப்படவில்லை.

இன்று சட்டத்தைத் தளர்த்தவேண்டுமென்று சிலரும், இறுக்கவேண்டுமென்று சிலரும் பேசுகின்றனர். இரண்டும் உரித்தாளிக்கும் அலுவலருக்கும் இடையிலான வழக்காகவே பேசப்படுகின்றன. என் கருத்திலே மூன்றாவது ஆளொருவர் அங்கே இருக்கவேண்டும்: அம்மரத்தில் ஏறுகிறவர், அதன் ஓலையிற் கடகம் பின்னுகிறவர், அதன் காயை அவித்து உண்கிறவர். தறிப்பதற்கு முன் ஊர்ச்சபையிலே அவர்களுடைய சொல்லையும் கேட்கும் ஒழுங்கு ஒன்று இருக்குமாயின், உத்தரவுப் பத்திரம் தோம்பின் வம்சத்திலிருந்து விலகத் தொடங்கும். மூன்று நூற்றாண்டுக்கு முன்னே நட்டவனுக்கும் நிலத்துக்காரனுக்கும் பங்கு வகுக்கத் தெரிந்த ஊர்களுக்கு இது கூடாத காரியமா?

ஒவ்வோர் ஆண்டும் மாரி தொடங்குமுன் எங்கள் பகுதிப் பாடசாலை மாணவர் சிலர் குளக்கட்டிலும் வீதியோரத்திலும் பனங்கொட்டை புதைக்கின்றனர். சென்ற முறை நானும் உடன் போயிருந்தேன். முளைத்தவை வடலியாகி, பாளை விட்டு, ஆணா பெண்ணா என்று தெரிய 12 ஆண்டோ 15 ஆண்டோ செல்லும். சில நிலங்களில் அதற்கு மேலும் ஆகும். அதுவரை எது காக்கப்பட்ட மரம், எது தறிக்கத்தக்க மரம் என்று புதைப்பவருக்கும் தெரியாது, சட்டத்துக்கும் தெரியாது. இப்போதைக்கு மாடு மிதியாமல் ஒரு வேலி வேண்டும். அந்த வேலிக்கு மட்டை யார் கொடுப்பது, கயிறு யார் கொடுப்பது என்ற கதை ஊர்ச்சங்கக் கூட்டத்திலே இன்னும் முடியவில்லை.